தூக்கத்தில் உதைப்பது காத்துக் கருப்பு அல்ல

அறுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி விடியற்காலையில் தூக்கத்திலேயே கத்துகிறார், கையை ஓங்குகிறார், பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியை எட்டி உதைக்கிறார். விழித்ததும், மாடு முட்ட வந்தது, தடுத்தேன் என்கிறார். கீழ்புத்துப்பட்டு, மரக்காணம் பகுதியில் இப்படி நடந்தால் வீட்டார் செய்வது என்ன? திருநீறு பூசுவார்கள், தாயத்துக் கட்டுவார்கள். குடிப்பவராக இருந்தால் குடியின் மேல் பழியைப் போடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் எதுவும் செய்யாமல் பாயைத் தள்ளிப் போட்டுக் கொள்வார்கள்.

இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஏனெனில் பார்கின்சன் நோய் என்றும், நம் வழக்கில் நடுக்குவாதம் என்றும் சொல்லப்படும் நோய்க்குக் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றும் அறிகுறிகளில் இந்தத் தூக்கக் கோளாறு மிக முக்கியமானது.

விவசாயப் பக்கத்தில் வைத்தியம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். தென்னை வைத்திருப்பவர்களுக்குச் சிவப்புக் கூன்வண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குருத்து சாயும் போதுதான் பலர் கவனிக்கிறார்கள். அதற்குள் தண்டு உள்ளே கூடாகி விட்டிருக்கும். ஆனால் பல மாதங்களுக்கு முன்பே தண்டில் சிறு துளையும், அதிலிருந்து பழுப்பு நிறச் சாறு வடிவதும் தெரிந்திருக்கும். காதை வைத்துக் கேட்டால் புழு கடிக்கும் ஓசையும் கேட்கும். நடுக்குவாதமும் அப்படித்தான். கை நடுக்கம் என்பது குருத்து சாய்ந்த நிலை. நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களில் பெரும் பங்கு அழிந்த பிறகே நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வெளியே தெரிகின்றன. துளையும் சாறும் எங்கே தெரியும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். தவிரவும், இந்த நோய்க்கும் நம் தொழிலுக்கும் உள்ள தொடர்பு சிறியதல்ல.

நியூட்ரலில் நிற்கும் டிராக்டர்

இரவில் நாம் ஒரே விதமாகத் தூங்குவதில்லை. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, மூடிய இமைக்குள் கண்விழி வேகமாக ஓடும் ஒரு கட்டம் வருகிறது. இதை ரெம் தூக்கம் என்பார்கள். 1953ம் ஆண்டில் அமெரிக்காவில் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் தான் வருகின்றன. அப்போது மூளை விழித்திருப்பது போலவே வேலை செய்யும். ஆனால் உடம்பு அசையாது. என்ஜின் ஓடிக் கொண்டிருந்தாலும் கியர் நியூட்ரலில் இருப்பதால் டிராக்டர் நகராமல் நிற்பது போல, மூளைத் தண்டில் உள்ள ஒரு பகுதி கை கால் தசைகளுக்குப் போகும் கட்டளையைத் தடுத்து வைக்கிறது. அதனால்தான் கனவில் ஓடினாலும் நாம் பாயிலேயே கிடக்கிறோம்.

அந்தத் தடுப்பு பழுதானால் கனவில் செய்வதையெல்லாம் உடம்பும் செய்யத் தொடங்கி விடும். பிரான்சு நாட்டில் மிஷேல் ஜூவே என்ற அறிஞர் 1965ல் பூனைகளின் மூளைத் தண்டில் அந்த இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து இரையைப் பாய்ந்து பிடிப்பது போல் நடந்து கொண்டன. மனிதர்களிடம் இதையே ஒரு தனி நோயாக 1986ல் விவரித்தவர்கள் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த ஷெங்க், மஹோவால்ட் என்ற டாக்டர்கள். அவர்களிடம் வந்தவர்களில் நடுத்தர வயதைக் கடந்த ஆண்களே அதிகம். அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், 1996ல் வெளியிட்ட கணக்கின்படி 29 பேரில் 38 சதவீதத்தினருக்கு நடுக்குவாத நோய் வந்திருந்தது.

தூக்கத்தில் நடக்கும் எல்லாமே இந்தக் கோளாறு அல்ல. எப்படிப் பிரித்து அறிவது? முதலில் நேரத்தைப் பார்க்க வேண்டும். இது பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில், கோழி கூவும் நேரத்தை ஒட்டி வரும். படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து நடப்பது பிள்ளைகளிடம் காணப்படும் வேறு வகை. அடுத்து, இவரைத் தட்டி எழுப்பினால் சட்டென்று தெளிந்து விடுவார், கண்ட கனவையும் சொல்வார். வலிப்பு வந்தவர் அப்படித் தெளிய மாட்டார். கனவும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: நாய் துரத்தும், திருடன் வருவான், யாரோ அடிக்க வருவார்கள். பகலில் பரம சாதுவாக இருப்பவர் கூட இரவில் இப்படிச் சண்டை போடுவார். கண்கள் மூடியே இருக்கும். எழுந்து வாசலைத் தாண்டிப் போவது அபூர்வம்.

கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமியைக் கண்ட குப்பங்களும் இக்கரையில் உள்ளன. போரையும் கடலையும் அனுபவித்தவர்கள் இரவில் அலறி எழுவதற்கு மனக்காயமும் காரணமாகலாம். அதற்கு வேறு வகைச் சிகிச்சை உண்டு. ஆனால் பழைய நினைவுதான் என்று எல்லாரையும் தள்ளி விடவும் கூடாது. பல ஆண்டுகள் அமைதியாகத் தூங்கியவர் அறுபது வயதுக்கு மேல் புதிதாகக் கையை வீசத் தொடங்கினால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். குடியைத் திடீரென நிறுத்தினாலும், மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் இது வரலாம். பலமாகக் குறட்டை விட்டு மூச்சடைத்துத் திமிறுபவர்களும் பார்வைக்கு இப்படியே தெரிவார்கள். ஆகவே வீட்டில் பார்த்துச் சந்தேகப்படலாமே தவிர, தீர்ப்புச் சொல்ல முடியாது. இரவு முழுவதும் மூளை அலை, கண்ணசைவு, தசை இறுக்கம் ஆகியவற்றைக் கருவியில் பதிவு செய்து பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும். இந்தச் சோதனை பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் நடக்கும்.

இதில் பெண்கள் படும் பாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கன்னம் வீங்கி, கை கன்றிப் போய்க் காலையில் களை எடுக்க வரும் பெண், ‘தூக்கத்தில் அடித்து விட்டார்’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கட்டியவளை அடிக்கிறார் என்ற பேர் அவருக்கு வந்து விடும். அதற்குப் பயந்தே அவள் வாயை மூடிக் கொள்கிறாள். ஆனால் நோயாளிக்குத் தான் செய்வது தெரியாது. இந்த நோய்க்குச் சாட்சி பக்கத்தில் படுத்திருப்பவர் ஒருவரே. மனைவி பேசாவிட்டால் டாக்டருக்குத் தெரிய வேறு வழியில்லை.

கருவாட்டு வாசனை தெரியாதவர்

இரண்டாவது அறிகுறி மூக்கு. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் தெருவுக்கே தெரியும். அது ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை, ரசத்தில் பெருங்காயம் இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியவில்லை என்றால், சளி இல்லாத போதும் அப்படியே இருந்தால், குறித்துக் கொள்ள வேண்டும். 2020, 2021ம் ஆண்டுகளில் கொரோனா வந்து மோப்பம் இழந்தவர்களும் உண்டு, அது வேறு. விவசாயிக்கு மோப்பம் போவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பூச்சி மருந்து டின் ஒழுகுவதும், சமையல் காஸ் கசிவதும் அவருக்குத் தெரியாது.

மூன்றாவது மலச்சிக்கல். சொல்ல வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் இது. ஹவாய்த் தீவில் 6,790 ஆண்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்து 2001ல் வெளியிட்ட ஆய்வில், தினம் ஒரு முறை கூட மலம் கழிக்காதவர்களுக்கு, தினம் ஒரு முறை கழிப்பவர்களைக் காட்டிலும் நடுக்குவாதம் வரும் வாய்ப்பு 2.7 மடங்கு இருந்தது தெரிந்தது. 1817ல் இந்த நோயை முதன் முதலாக விரிவாக எழுதிய லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்கின்சனே மலச்சிக்கலையும் கெட்டுப்போன தூக்கத்தையும் குறிப்பிட்டிருக்கிறார். இருநூறு ஆண்டுகள் கழித்தும் நாம் கை நடுக்கத்தை மட்டும் பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

இவை போக, காரணமில்லாத மனச்சோர்வு, உட்கார்ந்து எழுந்தால் தலைசுற்றல், அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருதல், பகலில் தூங்கி விழுதல், தோள்பட்டை ஒன்று பிடித்துக் கொண்டு வலிப்பது ஆகியவையும் முன்னதாக வரலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று மட்டும் இருந்தால் பயப்படத் தேவையில்லை. மலச்சிக்கல் இல்லாத கிழவர் ஊரில் எத்தனை பேர்? தோள்வலி இல்லாத விவசாயிதான் யார்? ஆனால் தூக்கத்தில் உதைப்பதும், மோப்பம் போனதும், மலச்சிக்கலும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போடக் கூடாது.

தெரிந்து என்ன பயன்?

படித்தவர்களிடமிருந்தே ஒரு எதிர்ப்பு வருகிறது. நோயை வராமல் தடுக்கவோ, வளராமல் நிறுத்தவோ இன்று மருந்து கிடையாது. அப்படியிருக்க, பின்னால் வரப் போவதை முன்னால் சொல்லி ஒரு ஏழை விவசாயியின் நிம்மதியைக் கெடுப்பானேன் என்கிறார்கள். கேட்க நியாயமாகவே இருக்கிறது. மருந்து இல்லை என்பதும் உண்மையே. 24 மருத்துவ மையங்கள் சேர்ந்து 1,280 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019ல் வெளியிட்ட ஆய்வில், சோதனையில் உறுதியான தூக்கக் கோளாறு உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு பேருக்கு நடுக்குவாதமோ, அதன் இனத்தைச் சேர்ந்த ஞாபக மறதி நோய் முதலியவையோ வந்தன. பன்னிரண்டு ஆண்டுகளில் நாலில் மூன்று பங்கினருக்கு வந்து விடுகிறது. ஆனால் அந்தக் கணக்கு பெரிய ஆஸ்பத்திரியில் முறையாகச் சோதித்து உறுதி செய்யப்பட்டவர்களுக்கு உரியது. தூக்கத்தில் கத்தும் எல்லாருக்கும் பொருந்தாது.

இருந்தாலும் தெரிந்து கொள்வதே மேல் என்பேன். பயன் இல்லாமல் இல்லை.

முதல் பயன் படுக்கை. இரவில் மின்சாரம் வரும் நேரம் பார்த்துப் பம்ப் செட்டு ஓரம் படுப்பவர்கள், காவலுக்குப் பரணில் படுப்பவர்கள், கோடையில் கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் படுப்பவர்கள் நம்மில் ஏராளம். தூக்கத்தில் பாய்ந்து எழும் ஒருவர் திறந்த கிணற்றோரம் படுப்பது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். அவர் வீட்டுக்குள், தரையில், பாயில் படுக்க வேண்டும். கட்டில் கூடாது. தலைமாட்டில் அரிவாள், கழி, கண்ணாடிச் சாமான், விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. மனைவி சில காலம் தள்ளிப் படுப்பதில் தவறில்லை. இதற்கு ஒரு காசு செலவில்லை. கனவில் வீசுவதைக் குறைக்க மெலடோனின், குளோனசெபாம் ஆகிய மாத்திரைகளை டாக்டர்கள் கொடுப்பதுண்டு. குளோனசெபாம் வயதானவர்களைத் தள்ளாட வைக்கும், குறட்டைக்காரர்களுக்கு ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று வாங்கிச் சாப்பிடும் பொருள் அல்ல.

இரண்டாவது பயன், தப்பான மருந்தைத் தவிர்ப்பது. தலைசுற்றலுக்குச் சின்னரிசின், ஃபுளூனரிசின் ஆகிய மாத்திரைகளையும், வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடையும் கடையில் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இவை மூளையில் டோபமைனின் வேலையைத் தடுப்பவை. வயதானவர்களுக்கு இந்த மாத்திரைகளாலேயே நடுக்கமும் விறைப்பும் வரலாம். ஏற்கனவே டோபமைன் குறைந்து வருபவருக்குக் கேட்கவே வேண்டாம். தூக்கத்தில் கத்துவதைப் பைத்தியம் என்று எண்ணிக் கொடுக்கும் சில மனநோய் மருந்துகளும் இதே கெடுதலைச் செய்யும். தூக்கக் கோளாறு இருப்பதை முன்கூட்டியே சொன்னால் டாக்டர் வேறு மருந்து எழுதுவார்.

மூன்றாவது, உடம்பை அசைத்துக் கொண்டே இருப்பது. வேகமாக நடப்பதும் உடற்பயிற்சியும் நோய் வந்தவர்களுக்கு நல்ல பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வயதாகி விட்டது என்று பெரியவரைத் திண்ணையில் உட்கார வைப்பது உபகாரம் அல்ல. ஏரோட்டியவரை, பாத்தியில் உப்பு வாரியவரை உட்கார வைத்தால் இன்னும் சீக்கிரம் சாய்வார்.

பூனைக்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. வேலியில் படர்ந்து, காயில் கை பட்டால் அரிப்பெடுக்கும் அதே கொடிதான். அதன் விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளை 1937ல் சென்னைப் பல்கலைக் கழக உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். நடுக்குவாதத்துக்கு இன்றும் முதல் மருந்தாக உலகெங்கும் கொடுக்கப்படுவது லெவோடோபாவே. நம் நாட்டு வைத்தியர்கள் நடுக்கத்துக்குப் பூனைக்காலி கொடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. இதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் விதைக்கு விதை சத்து மாறும், அளவு தெரியாது. நடுக்கம் வராதவர் சாப்பிட்டால் நோய் வராது என்பதற்கு ஆதாரமும் இல்லை. தூக்கத்தில் உதைக்கிறார் என்று விதையை இடித்துக் கொடுத்தால் வாந்தியும் தலைசுற்றலும்தான் மிஞ்சும்.

காற்றுக்கு எதிரே நிற்பவர்

நான்காவது பயன்தான் விவசாயிகளுக்கு முக்கியமானது. 13 மருத்துவ மையங்களில் இந்தத் தூக்கக் கோளாறு உள்ள 347 பேரையும், இல்லாத அதே எண்ணிக்கையினரையும் ஒப்பிட்டு 2012ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கோளாறு உள்ளவர்களில் விவசாயத் தொழில் செய்தவர்களும், பூச்சி மருந்தைக் கையாண்டவர்களும், தலையில் அடிபட்டவர்களும் அதிகமாக இருந்தார்கள். அமெரிக்காவில் 2011ல் வெளியான இன்னொரு ஆய்வில் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பயன்படுத்தியவர்களுக்கு நடுக்குவாதம் சுமார் இரண்டரை மடங்கு காணப்பட்டது. மருந்து தெளித்த எல்லாருக்கும் நோய் வரும் என்பது இதன் பொருளல்ல. தெளித்தவர்களில் பெரும்பாலோருக்கு வரவில்லை. ஆனால் இத்தனை நாடுகளில் இத்தனை ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டும்போது அலட்சியமாக இருக்க முடியாது.

பாராகுவாட்டை ஐரோப்பிய நாடுகள் 2007ல் நிறுத்தின. கேரளம் 2011ல் தடை செய்தது. இலங்கையும் 2008 தொடங்கிப் படிப்படியாக விலக்கியது. அங்கெல்லாம் குடித்து இறப்பவர்கள் உள்ளிட்ட வேறு காரணங்களும் இருந்தன. பிரான்சு நாடு 2012ல் ஒரு படி மேலே போய், பூச்சி மருந்தோடு பழகிய விவசாயிக்கு வரும் நடுக்குவாதத்தைத் தொழிலால் வந்த நோயாக ஏற்று நஷ்ட ஈடு கொடுக்கச் சட்டம் செய்தது. பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களை நமக்குத் தெரியும். அந்த அரசு தன் விவசாயிக்குக் கொடுக்கும் மரியாதையை நம் அரசு நமக்குக் கொடுக்க எத்தனை காலம் ஆகும்?

அதுவரை நாம் செய்யக் கூடியது உண்டு. மேலே சொன்ன அறிகுறிகள் உள்ள பெரியவர் இனித் தெளிப்பானைத் தோளில் மாட்டக் கூடாது. கூலிக்குத் தெளிக்கப் போவதையும் விட வேண்டும். மற்றவர்களும் வெறுங் கையால் மருந்தைக் கலக்கக் கூடாது. நம் கடற்கரையில் காலையில் தரைக்காற்று ஓய்ந்து, முற்பகல் கழிந்ததும் கடற்காற்று கிளம்பி விடும். அதற்குப் பிறகு தெளித்தால் பாதி மருந்து தெளிப்பவர் முகத்துக்கே வரும். அதிகாலையில் தெளித்து முடித்து, சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். காலி டப்பாவில் குடிதண்ணீர் பிடிப்பது கூடவே கூடாது.

அரசிடம் ஒரு சிறிய கோரிக்கை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் ஊழியர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் வீட்டில் அவர்கள் இன்னும் ஒரு கேள்வி கேட்கட்டும்: ‘தூக்கத்தில் கனவு கண்டு கை கால் வீசுகிறாரா?’ இதை ஒத்த ஒற்றைக் கேள்வியை 2012ல் பல நாட்டு மருத்துவ மையங்களில் சோதித்துப் பார்த்ததில், நோயுள்ள நூறு பேரில் தொண்ணூற்று மூன்று பேரை அது இனம் காட்டியது. ஊர் முழுவதும் கேட்டால் நோயில்லாத பலரும் ‘ஆமாம்’ சொல்வார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்தக் கோளாறு நூற்றுக்கு ஒருவருக்குத்தான் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஆகவே ‘ஆமாம்’ என்றவர் மீது நோயாளி என்று முத்திரை குத்தாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் போதும். கேள்வியைக் கணவரிடம் கேட்டுப் பயனில்லை, மனைவியிடம் கேட்க வேண்டும். அதுவும் அவர் இல்லாத போது.

மஞ்சனீஸ்வரர் அய்யனாருக்கு நேர்ந்து கொள்பவர்கள் தாராளமாக நேர்ந்து கொள்ளட்டும். பொங்கல் வைத்து விட்டு வரும் வாரத்திலேயே ஆஸ்பத்திரிக்கும் போகட்டும். புதுச்சேரி ஜிப்மரிலும், விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. போவதற்கு முன், பெரியவர் கையை வீசும் போது மகனோ மகளோ செல்போனில் இரண்டு நிமிடம் படம் பிடித்து வைக்க வேண்டும். எந்த மணிக்கு நடந்தது, எழுப்பியதும் என்ன சொன்னார் என்பதையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், கடைசியாக எந்தப் பூச்சி மருந்து தெளித்தார் என்பதையும் சேர்த்துக் கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்து விடும்.